அல்சூரில் ஆறாத குழாய்

வெயிலைப் பற்றிப் பேச வேலூரிலிருந்து ஆள் கூப்பிடுவது நியாயம்தான். எங்கள் ஊரில் சித்திரை மாதத்து மத்தியானத்தில் மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பவனை மகான் என்று கும்பிடலாம். ஆனால் என்னைக் கூப்பிட்டது பெங்களூர். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தமிழ்ச் சங்கம். பூமி சூடாகிறது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர்களைப் பற்றி நான் பேச வேண்டுமாம். சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, சமையலறை வரைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன்.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாத இதழில் அறிவியல் கட்டுரைகள் எழுதி வருகிறேன். அவற்றை யாராவது படிக்கிறார்களா என்பது எனக்கும் இதழாசிரியருக்கும் இடையே பேசப்படாத விஷயம். அதனால் இந்த அழைப்பு எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் மனைவி மட்டும், "ஏன், அவங்க ஊர்ல பேசறதுக்கு ஆளே இல்லையாமா?" என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூர் வெளிநாடு இல்லை என்பார்கள். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத இடமெல்லாம் எனக்கு வெளிநாடுதான். ரயிலில் பங்காருப்பேட்டை வந்ததும் கோலார் தங்கவயல் ஜனம் கும்பலாக ஏறியது. தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். என் இருக்கையில் எனக்கு ஒரு தொடைக்கு மட்டும் இடம் மிச்சம் வைத்துவிட்டு, "ஸ்வல்ப நகுந்துக்கோ சார்" என்றார் ஒருவர். 'ஸ்வல்ப' என்றால் கொஞ்சம் என்று சொல்லிவிட்டு முக்கால்வாசியை எடுத்துக்கொண்டார். அடுத்த நிமிடமே டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை நீட்டினார். இவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் என்னை அழைத்துப் போக இரண்டு பேர் வந்திருந்தார்கள். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், பெயர் யசோதரா. கூட அவருடைய அப்பா ரத்தினம். மகள் ஹெப்பகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. அப்பா தங்கச் சுரங்கத்தில் துளைபோடும் இயந்திரத்தோடு வாழ்நாளெல்லாம் நின்றவர். சுரங்கத்தை மூடியபின் மகளோடு பெங்களூரின் நீலசந்திராவுக்கு வந்துவிட்டார். கூட்டத்தில் நடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். யசோதரா எப்போதும் அப்பாவின் வலப்பக்கமாகவே நடந்தார். சாலையைக் கடந்து பக்கம் மாறினாலும், சுற்றி வந்து மறுபடி வலப்பக்கம் சேர்ந்துகொண்டார்.

நின்றபடியே சாப்பிடும் ஒரு ஹோட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தார்கள். இட்லிக்குக் குறை சொல்ல முடியாது. சாம்பாரில்தான் வெல்லம் போட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டால் பெங்களூர் முழுக்கச் சண்டைக்கு வரும் என்பதால் விழுங்கினேன். அப்போது ரத்தினம் என்னை நேராகப் பார்த்து, "நீங்க எழுதுனத நான் படிச்சேன் சார். நம்பல" என்றார்.

என் வாழ்க்கையில் நான் சந்தித்த முதல் வாசகர்.

விஷயம் இதுதான். சங்கத்து நூலகத்துக்கு அவர் தினமும் போய் எல்லா இதழ்களையும் படித்துவிடுவார். அதில் என் கட்டுரையும் மாட்டியிருக்கிறது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு பெண்மணி செய்த சோதனையைப் பற்றியது. இரண்டு கண்ணாடிக் குழாய்கள், உள்ளே வெப்பமானிகள். ஒன்றில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் கரியமில வாயு. இரண்டையும் வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகம் சூடானது, நிழலுக்கு எடுத்து வந்தபின் ஆறவும் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. இந்த வாயு காற்றில் கூடுதலாக இருந்த காலத்தில் பூமியும் சூடாக இருந்திருக்கும் என்று எழுதினார். அறிஞர்கள் கூடிய சபையில் அவருடைய கட்டுரையை அவர் வாசிக்கவில்லை. ஆண் ஒருவர் வாசித்தார். அதோடு அந்த அம்மாளை உலகம் நூறு வருஷத்துக்கு மேல் மறந்துபோனது.

"காத்து எப்டி சார் சூட்டப் புடிச்சு வெக்கும்?" என்றார் ரத்தினம். "பூமிக்கு உள்ள இருக்கற சூடு எனக்குத் தெரியும். பாறையில கைய வெக்க முடியாது. அங்க எங்களுக்கு உசுரு குடுத்ததே குழாவுல வர்ற காத்து தான். சில்லுனு வரும். காத்துன்னா குளுரும் சார். நீங்க தப்பா எழுதிட்டீங்க."

யசோதரா சிரித்தார். "இவுரு நம்பலன்னு தான் சார் நானே அந்தக் குழாயச் செஞ்சேன். ஞாயித்துக்கிழம சங்கத்துல நாந்தான் செஞ்சு காட்டப் போறேன்."

"அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

அவர் தட்டில் இருந்த சட்னியை விரலால் ஒதுக்கினார். "பேசறதும் நாந்தான்னு இருந்துச்சு சார். அப்பறம் செயலாளரு என்னோட தமிழக் கேட்டாரு. கன்னடம், இங்கிலீஷு, உருது எல்லாம் கலந்து வருதாம். மேடைக்கு ஆவாதுன்னு சொல்லிட்டு, நல்ல தமிழ் பேசறவரா தமிழ்நாட்டுலேர்ந்து கூட்டியாறேன்னு உங்களக் கூப்டாரு."

என் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வெல்லம் போட்ட சாம்பார் அதற்குமேல் எனக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஒத்திகை. நீலசந்திராவில் சந்துக்குள் சந்தாகப் போய், துணி காயும் கொடிகளுக்குக் கீழே குனிந்து, யசோதராவின் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். வீட்டுக்குள் புத்தர் படமும் ஒரு மேசை விசிறியும். "நாங்க இந்த ஊருக்கு வந்தப்ப விசிறியே கெடையாது சார். இப்ப அது நின்னா அப்பா எந்திரிச்சுக்குவாரு" என்றார் யசோதரா. வேலூரில் விசிறி நின்றால் தெருவே எழுந்துவிடும். அதை நான் சொல்லவில்லை.

குழாய்கள் இரண்டும் கை நீளத்துக்கு இருந்தன. ஹெப்பகோடியில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் சொல்லிச் செய்தது. ரப்பர் மூடி, அதைத் துளைத்துக்கொண்டு வெப்பமானி. வாயுவுக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையிலேயே சோடா போடும் கடை. சோடாவில் பொங்குவதும் அதுதானே! கடைக்காரர் உற்சாகமான மனிதர். அறிவியலுக்கு என்றதும் சிலிண்டரை ஒரேயடியாகத் திருகிவிட்டார். புஸ்ஸென்ற சத்தத்தில் தெரு நாய் ஓடிவிட்டது. குழாயின் அடியில் வெள்ளையாக ஏதோ பொடி படிந்தது. அதையெல்லாம் பார்க்க எங்களுக்குப் பொறுமை இல்லை. மாடிக்கு ஓடினோம்.

நல்ல வெயில். இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ரத்தினம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். காற்று இருந்த குழாயில் சூடு ஏறியது. வாயு இருந்த குழாய் ஏறுவதாக இல்லை. அதன் மேல் வியர்த்தாற்போல் நீர்த்துளிகள் வேறு பூத்தன. நான் வெப்பமானியில் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் வாயுக் குழாய்தான் குளிர்ச்சி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதுபோல என் கட்டுரை அறிவு அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை.

ரத்தினம் எழுந்து வந்து குழாயைத் தொட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "சில்லுனு இருக்குது. நான் சொன்னேன்ல? காத்துன்னா குளுரும்." மகளின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "பரவால்ல வுடுமா. அந்த வெள்ளக்காரம்மா ஏமாந்துருக்கும்." இறங்கிப் போய்விட்டார்.

யசோதரா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ சார்! அழுத்தி அடைச்ச கேஸு தொறந்து வுட்டா குளுருமே. அந்த வெள்ளப் பொடி ஐஸு சார். இந்தப் பாடத்த வருஷா வருஷம் பசங்களுக்கு நடத்துறேன். அப்பா முன்னாடி நின்னதும் எல்லாம் பறந்து பூடுச்சு." ரத்தினம் சொன்ன சுரங்கத்துக் குழாய்க் காற்றும் அதே காரணத்தால்தான் குளிர்ந்தது. அவர் சொன்னது பொய்யே இல்லை. வாயுவை நிரப்பிவிட்டு, இரண்டு குழாய்களும் ஒரே சூட்டுக்கு வரும்வரை நிழலில் வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வெயில்.

"அப்ப இப்பவே கூப்பிட்டுக் காட்டிடலாமே" என்றேன்.

"வேணாம் சார். நாளைக்குப் பாக்கட்டும்." கொடியில் தொங்கிய ஒரு துணியை இழுத்துச் சரிசெய்தார். "சார், நான் இருவது வருஷத்துக்கு மேல டீச்சரா இருக்கறேன். எங்கப்பா ஒரு நாள் கூட நான் பாடம் எடுத்துக் கேட்டதில்ல. நான் எடுக்கறது எல்லாம் இங்கிலீஷுல, கன்னடத்துல. ஸ்கூலுக்குள்ள அவரு எதுக்கு வரப் போறாரு? இன்னாம்மா சொல்லித் தர்றேன்னு கேப்பாரு. சயின்ஸுப்பான்னுவேன். அதோட சரி. மிஷினு சத்தத்துல அவருக்கு எடது காது போயி ரொம்ப நாளாச்சு. வலது காதும் போயினு இருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காதுல மிஷினு வெச்சா கொர்ருங்குதுன்னு கழட்டிப் போட்டுடறாரு. அந்தக் காது இருக்கறப்பவே ஒரு தடவ அவுரு கேக்கணும் சார். அதுக்குத் தான் நானே போயி சங்கத்துல கேட்டேன்."

யசோதரா ஏன் எப்போதும் அப்பாவின் வலப்பக்கமாக நடக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு பெண் எழுதியதை ஆண் வாசித்த கதையை ஊருக்குச் சொல்ல, இன்னொரு பெண்ணின் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு நான் ரயிலேறி வந்திருக்கிறேன். இந்த அழகைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யசோதராவே சிரித்துவிட்டார். "நூத்தி எழுவது வருஷம் ஆச்சு, அதே கத தான் சார்" என்றார்.

மதியம் ராகி முத்தேயும் கருவாட்டுக் குழம்பும். முத்தே என்பது எங்கள் ஊர்க் களியேதான், உருண்டையில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. நான் மென்று சாப்பிட்டதைப் பார்த்து ரத்தினம் பதறிவிட்டார். "மெல்லக் கூடாது சார். முழுங்கணும்." விழுங்கினேன். எங்கே போகிறது என்பது நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் தெரிந்தது. மீதிக் கதையை அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாளுக்குப் பிறகு லண்டனில் ஒருவர், அப்புறம் ஸ்வீடனில் ஒருவர், அப்புறம் நீராவி இயந்திரத்தோடு வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயர். யசோதரா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

சாயங்காலம் செயலாளரைப் பார்க்கப் போனேன். மாணிக்கவேல் என்று பெயர். வேட்டி, மூக்குக் கண்ணாடி, எழுதி வைத்துப் பேசுவதுபோன்ற தமிழ். ஒரு பிடி பிடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் பேசவில்லை, யசோதராவே பேசட்டும் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "ஐயா, அந்தப் பெண்ணை நான் குறைவாக நினைக்கவில்லை" என்றார். சில வருஷங்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்த ஒரு பேச்சாளர், இந்த ஊர்த் தமிழை மேடையிலேயே பேசிக் காட்டிக் கேலி செய்தாராம். அரங்கமே சிரித்ததாம். அதற்கப்புறம் இரண்டு குடும்பங்கள் சங்கத்துப் பக்கமே வரவில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவரின் எழுத்துத் தமிழ் நழுவிவிட்டது. "யசோதராவப் பாத்து யாராவது அப்டிச் சிரிச்சா என்னால தாங்க முடியாது சார். நம்ம வூட்டுப் பொண்ணு." நான் கேலி பேச வந்தவன் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது, சுருக்கமாகப் பேசுங்கள் போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். சம்மதித்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிறு காலை ஆட்டோவில் ரத்தினம் ஒரு குழாயை மடியில் வைத்திருந்தார். நான் ஒன்றை. நடுவில் யசோதரா, அப்பாவுக்கு வலப்பக்கம். வாயுவை இந்த முறை சோடாக்காரர் பூப்போல நிரப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் பெங்களூர் போக்குவரத்துக்கு விடுமுறை இல்லை. முன்னால் ஒரு பஸ் எங்கள் முகத்தில் கரும்புகையை ஊதிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் தலையை நீட்டிக் கன்னடத்தில் கத்தினார். பஸ்ஸின் பின்வாசலிலிருந்து நடத்துநரும் கத்தினார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். யசோதரா மொழிபெயர்த்தார்: "உன் வண்டி பீடி குடிக்குதான்னு இவரு கேக்கறாரு. உனக்கு வேணும்னா நீயும் ஒரு இழுப்பு இழுன்னு அவரு சொல்றாரு."

ஆட்டோக்காரர் எங்கள் பக்கம் திரும்பியதும் தமிழுக்கு மாறினார். "குழாக்குள்ள இன்னா சார்?"

"காத்து" என்றேன்.

"காத்தா! காத்த எத்தினு போறதுக்கா ஆட்டோ?" புகையைக் கையால் விலக்கிக்கொண்டே, "இங்க தான் இவ்ளோ கெடக்குதே, ஃப்ரீயா" என்றார். நான் ஒரு மணி நேரம் பேச வைத்திருந்ததை அந்த மனிதர் புகைக்கு நடுவே அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

சங்கத்தின் முன்னால் ஒரு முற்றமும் அதில் ஒரு புங்கமரமும் இருந்தன. மரத்தடியில் ஒரு பெஞ்சில் குழாய்களை வைத்து, ஒரு வெள்ளைத் துணியால் மூடினோம். முற்றத்தில் பளீரென்று வெயில். "மொதல்ல இத செஞ்சு காட்டிடலாமே" என்றார் யசோதரா. மாணிக்கவேல் மென்மையாக மறுத்தார். உரை முதலில், செய்முறை பிறகு. அதுதான் முறை.

அந்த முறையைப் பற்றி என்ன சொல்ல? குத்துவிளக்கு. இரண்டு மாநிலத்து வாழ்த்துப் பாட்டு. வரவேற்புரை, முன்னிலையுரை, தலைமையுரை, வாழ்த்துரை. ஒவ்வொருவரும் மேடையில் இருந்தவர்கள் பெயரையெல்லாம் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் சால்வைகள். வேலூரானுக்குச் சித்திரை மாதத்தில் சால்வை! மூன்று பேர் மூன்று போர்த்தினார்கள். ரத்தினம் முதல் வரிசையில் இடது கோடியில் உட்கார்ந்திருந்தார். வலது காது மேடைப் பக்கம் இருக்கும்படி அவரை அங்கே உட்கார வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. யசோதரா வாசற்படியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சால்வையின்போது முற்றம் இருண்டது. இந்த ஊரில் கோடை மத்தியானங்களில் இப்படித்தான், எங்கிருந்தோ மேகம் கூடிவிடும். வெயில் போய்விட்டது.

என் முறை வந்தது. சுருக்கமாகப் பேசுவதாகத்தான் எழுந்தேன், சத்தியம். ஆனால் மைக் கையில் வந்தால் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. அந்த அம்மாளைச் சொன்னேன். அவருக்குச் சில வருஷம் கழித்து லண்டனில் ஒருவர் இன்னும் நுட்பமான கருவி செய்து, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை இந்த வாயு எப்படித் தடுத்துப் பிடிக்கிறது என்று காட்டியதைச் சொன்னேன். ஸ்வீடனில் ஒருவர் மாதக்கணக்கில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டார். கணக்கைப் போட்டுவிட்டு அவர் வருத்தப்படவில்லை. குளிர் தேசத்துக்காரர், கொஞ்சம் சூடானால் நல்லதுதானே என்று நினைத்தார். வேலூரில் பிறந்திருந்தால் அப்படி நினைத்திருப்பாரா என்று கேட்டேன். கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் இன்னும் நீட்டினேன். நீராவிப் பொறியாளர் ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஊர் ஊராகப் பதிவான வெப்பநிலைகளைச் சேர்த்துப் பார்த்து, பூமி ஏற்கெனவே சூடாகத் தொடங்கிவிட்டது என்று கண்டதையும், துறைசார்ந்த பெரியவர்கள் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததையும் சொன்னேன். நானும் வேலை முடிந்து எழுதியவன் அல்லவா, அந்த இடத்தில் குரல் தழுதழுத்தது. பாதி அவருக்காக, பாதி எனக்காக.

"சார், வெயிலு!"

வாசலிலிருந்து யசோதராவின் குரல். வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ப் பழகிய குரல். "வெயில் வந்துருச்சு! எல்லாரும் எந்திரிச்சு வாங்க, ஜல்தி, ஜல்தி!"

ஒருவரும் அசையவில்லை. சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது எந்தச் சங்கத்திலும் வழக்கமில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாணிக்கவேல் மேடையின் ஓரத்தில் திகைத்துப்போய் நின்றார். வெளியே வெள்ளைத் துணியை உருவிக்கொண்டிருந்தார் யசோதரா. பேச்சு முடியும்வரை மேகம் காத்திருக்குமா? நான் மைக்கை மேசையில் வைத்தேன். மூன்று சால்வைகளோடு படியிறங்கி, இடது கோடிக்குப் போய் ரத்தினத்தின் வலது காதில், "வாங்க, உங்க பொண்ணு கூப்பிடுறாங்க" என்றேன். அவர் எழுந்தார். அதற்கப்புறம் அரங்கமே எழுந்தது.

முற்றத்தில் யசோதரா அப்பாவைப் பெஞ்சுக்கு முன்னால் நிறுத்தி, தான் வலப்பக்கம் நின்றுகொண்டார்.

"இது ரெண்டும் ஒரே சைஸு. இதுல நம்மள சுத்தி இருக்குதே, சாதா காத்து. இதுல சோடாக்கட கேஸு, கார்பன் டை ஆக்சைடு. காலைலேர்ந்து நெழல்ல இருந்துச்சு, ரெண்டும் ஒரே சூடு. அப்பா, நீ படி. சத்தமாப் படி." ரத்தினம் கண்ணைச் சுருக்கி இரண்டையும் படித்தார். ஒன்றேதான். "ஆயித்து. இப்ப வெயில்ல வெக்கிறேன். நான் ஒண்ணும் பண்ணல. வெயிலு தான் பண்ணுது."

கூட்டம் நெருக்கியடித்தது. யசோதரா நிறுத்தாமல் பேசினார். "எங்கப்பா காத்துன்னா குளுரும்னுவாரு. அவரு சொல்றது நெசம். சுரங்கத்துல அழுத்தி அடைச்ச காத்து, தொறந்தா குளுரும். நேத்து இந்த கேஸும் குளுந்துச்சு. எனக்கு அசிங்கமா பூடுச்சு. ஆனா குளுந்து வந்த காத்தே வெயில்ல நின்னா இன்னா பண்ணும்? அந்த அமெரிக்காக்காரம்மா அததான் கேட்டாங்க. அவங்க பாத்தது முழுக் கத இல்ல. வெயிலு பட்டு தரை சூடாவுது, தரைச்சூடு மேல போறப்ப இந்த கேஸு வழில நின்னு புடிச்சுக்குது. அத அப்பறம் தான் கண்டுபுடிச்சாங்க. ஆனா மொதல்ல கேட்டது இந்தம்மா தான். கேக்கறவங்க தான் மொதல்ல."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் மாணிக்கவேலைத் திரும்பிப் பார்த்தேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரின் நிழல் ஒரு குழாயின் மேல் விழுந்திருந்தது. தானே பதறி விலகி, பக்கத்தில் இருந்தவர்களைக் கையால் தள்ளினார். "நெழல் வுழுதுபா, அந்தாண்ட நில்லுங்க! டீச்சர் பேசறாங்கல்ல?"

"ஏறுதுமா" என்றார் ரத்தினம்.

"எது?"

"ரெண்டும்." கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "இது அதிகமா ஏறுது. உன் கேஸு." இன்னும் குனிந்தார். "இது நிக்க மாட்டேங்குதேமா."

மறுபடி மேகம் வந்து மூடியது. வேலைதான் முடிந்துவிட்டதே, வரட்டும். யசோதரா இரண்டு குழாய்களையும் புங்கமர நிழலுக்கு மாற்றினார். எது முதலில் ஆறுகிறது என்பது இரண்டாவது பாகம். ஆனால் உள்ளே பிசிபேளா பாத்தின் வாசனை கிளம்பிவிட்டது. பந்தி என்றால் அறிவியல் நிற்குமா? கூட்டம் கலைந்தது. நானும் கலைந்தேன், ஒளிப்பானேன். அதிலும் வெல்லம் இருந்தது. அன்றைக்கு எனக்கு அது பிடித்தது.

தட்டோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். முற்றத்தில் ரத்தினம் மட்டும் பெஞ்சுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காற்றுக் குழாயில் சூடு இறங்கி நின்றுவிட்டது. அவர் இன்னொன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். யசோதரா அவருக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போய், வலப்பக்கமாகக் குனிந்து, "சோறு ஆறுதுப்பா, வா" என்றார்.

"இது இன்னும் ஆறலியே" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "அந்த லண்டன்காரன் கதைய அவரு வேகவேகமா சொல்லிட்டாரு, எனக்குப் பாதி கேக்கல. நீ சொல்லு. இது ஆற வரைக்கும் சொல்லு."

யசோதரா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்.